நிலவறையும் கிணறும்

ஜேர்மனியில் வாழும் எம்மவர்களின் வீடுகளுக்குச் சென்றவர்கள் 'கெல்லர்' என்ற சொல்லைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். வீட்டின் அடியில் இருக்கும் நிலவறைக்கு அந்த நாட்டவர் வழங்கும் பெயர் அது. எம்மவர்களின் கெல்லர்களில் பெரும்பாலும் காணக்கிடைப்பவை அரிசி மூட்டைகள், ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் பொதிகள், பிள்ளைகள் வளர்ந்த பின்னர் கைவிடப்பட்ட சைக்கிள்கள் போன்றவையே. 2018 ஒக்டோபரில் எனது பெரியம்மாவின் மகன், நான் அண்ணை என்று அழைப்பவர், அவருடைய வீட்டுக்குச் சென்றபோது அங்கிருந்த கெல்லரில் இவை எதுவும் இருக்கவில்லை. அங்கே வைன் இருந்தது.

"தம்பி, இஞ்ச வா. உனக்கொரு சாமான் காட்டுறன்" என்று வந்து இறங்கிய அன்றே என்னை அழைத்துச் சென்றார். பயணக் களைப்பில் நான் சப்பாத்தைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

அவர் வசிப்பது நாட்டின் தென்மேற்கில், ஃபால்ஸ் எனப்படும் பிரதேசத்தில் உள்ள சிறிய கிராமம் ஒன்றில். ஜேர்மனியின் இரண்டாவது பெரிய திராட்சை வளரும் பிரதேசம் அதுதான். 1935 இல் பெயரிடப்பட்ட 'வைன் வீதி' வடக்கே பொக்கன்ஹைமிலிருந்து தெற்கே பிரெஞ்சு எல்லையில் உள்ள ஷ்வைகன் வரை ஏறத்தாழ 85 கிலோமீற்றர் நீளத்துக்கு அந்தப் பிரதேசத்தின் ஊடாகச் செல்கின்றது. வீதியின் இருமருங்கும் திராட்சைக் கொடிகள். எமது ஊர்களில் வேலிக்கு வேலி பனை நிற்பதைப்போல அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை திராட்சை நிற்கின்றது.

அண்ணர் நாட்டை விட்டுப் புறப்பட்டது 1985 இல். அந்தக் காலத்தில் எமது இளைஞர்கள் பலர் சென்ற அதே வழியில் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் சென்று தஞ்சம் கோரியவர். பின்னர் உணவகங்களின் சமையற்கட்டுகளில் கோப்பை கழுவினார். இலையுதிர் காலங்களில் திராட்சை பறிக்கும் கூலி வேலைக்குப் போனார். அந்தக் கூலி வேலையே அவரை இந்தக் கிராமத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பல ஆண்டுகள் உழைத்து, கடன் எடுத்து, எவரும் வாங்க விரும்பாத பழைய வீடு ஒன்றை வாங்கினார். கூரை ஒழுகியது. சுவர் வெடித்திருந்தது. ஆனால் கெல்லர் மட்டும் அசையாமல் இருந்தது.

அந்தக் கெல்லர் வீட்டைவிட வயதில் மூத்தது என்று அயலவர்கள் கூறுகின்றார்களாம். இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. 1689 இல் பதினான்காம் லூயி மன்னனின் படைகள் இந்தப் பிரதேசத்தைச் சூறையாடித் தீயிட்டன. ஸ்பெயர், வோர்ம்ஸ் ஆகிய நகரங்கள் அப்போது எரிந்தன. மரச்சட்டங்களால் ஆன வீடுகள் சாம்பலாயின. நிலத்துக்கடியில் செம்மணற்கல்லால் வளைவாகக் கட்டப்பட்ட அறைகளை நெருப்பால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அகன்றுபோய்த் திரும்பி வந்தவர்கள் பழைய நிலவறைகளின் மீதே புதிய வீடுகளை எழுப்பிக்கொண்டார்கள்.

இதை அண்ணர் சொன்னபோது நாங்கள் இருவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். வசாவிளானில் எமது இரண்டு குடும்பங்களின் வீடுகளும் அடுத்தடுத்த வளவுகளில் இருந்தன. 1990 இல் ஊரோடு வெளியேறியவர்கள் நாங்கள். எமது காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னர் போய்ப் பார்த்தபோது வீடு நின்ற இடம் தெரியவில்லை. அத்திவாரக் கற்களைக்கூடக் காணவில்லை. எஞ்சியிருந்தது கிணறு ஒன்றுதான். நிலத்துக்கு மேலே உள்ளதை அழிப்பது இலகு. கீழே உள்ளதை அழிப்பது அவ்வளவு இலகுவானதல்ல.

அண்ணர் அந்தக் கெல்லரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த கதையைச் சொல்ல வேண்டும். முன்னர் இருந்தவர்கள் அங்கே உருளைக்கிழங்கும் வெப்பமூட்டும் எண்ணெய்த் தாங்கியும் வைத்திருந்தார்கள். பாதித் தரைக்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் வசிக்கும், வாழ்நாள் முழுவதும் திராட்சையோடு வாழ்ந்த முதியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முதலில் எண்ணெய்த் தாங்கியை அகற்றும்படி கூறினாராம். வைன் அயலில் உள்ள மணத்தை எல்லாம் பிடித்துக்கொள்ளும் என்பது அவருடைய வாதம். அடுத்ததாகச் சீமெந்துத் தரையை உடைக்கச் சொன்னார். மண் தரைதான் ஈரத்தை விட்டுக்கொடுத்து அறையின் காற்றைப் பதமாக வைத்திருக்கும். காற்று உலர்ந்தால் போத்தல்களின் தக்கை காய்ந்து சுருங்கும், மரப் பீப்பாயின் பலகைகள் இடைவெளி விடும். அண்ணர் அலவாங்கால் சீமெந்தை உடைத்து, சிறு கற்களைப் பரப்பி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மூலையில் கிடந்த பழைய பீப்பாய்களுக்கு உட்புறம் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒருமுறை கெட்ட மரத்தைத் திருத்த முடியாது என்று முதியவர் சொன்னதால் அவற்றை வெட்டி விறகாக்கிவிட்டுத் துருப்பிடிக்காத உருக்குத் தாங்கிகள் இரண்டை வாங்கி வைத்தார்.

கோடையில் வெளியே 35 பாகை வெப்பம் இருக்கும்போதும், மாரியில் பனி உறையும்போதும் கெல்லருக்குள் 11, 12 பாகையே இருக்கின்றது. அதன் பெருமை குளிர்ச்சியில் இல்லை, மாறாமையில் இருக்கின்றது. வெப்பம் ஏறி இறங்கினால் போத்தலுக்குள் இருக்கும் வைன் விரிந்து சுருங்கித் தக்கையைத் தள்ளும், காற்று உள்ளே போகும், சுவை கெடும். வெளிச்சமும் ஆகாது. இந்த இரண்டுக்கும் ஆறடி மண்ணைவிடச் சிறந்த காவல் இல்லை.

அவரிடம் இருப்பது ஏறத்தாழ 200 கொடிகள் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளின்படி 1,000 சதுர மீற்றருக்கு உட்பட்ட நிலத்தில் வீட்டுப் பாவனைக்காக மட்டும் திராட்சை வளர்ப்பதற்கு நடுகை அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வைனில் ஒரு போத்தலையேனும் விற்க முடியாது. அவர் நட்டிருப்பது 1955 இல் ஜேர்மனியில் உருவாக்கப்பட்ட டோர்ன்ஃபெல்டர் என்ற கறுத்த இனம். நான் போவதற்கு முன்னரே பழத்தைப் பறித்து, காம்பு நீக்கி, நசுக்கி, தோலோடும் விதையோடும் பெரிய தொட்டிகளில் இட்டிருந்தார். ஏறத்தாழ 400 லீற்றர் கூழ். சிவப்பு வைனுக்கு நிறம் தோலிலிருந்து வருவதால் அது தோலோடுதான் நொதிக்க வேண்டும். நொதிக்கும்போது எழும் வாயு தோல்களை மேலே தள்ளித் தடித்த ஆடைபோல மிதக்கவைக்கும். நாளுக்கு இரண்டு மூன்று தடவைகள் மரத்தண்டினால் அதைக் கீழே அமுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மேற்பரப்பு புளித்துக் காடியாகிவிடும்.

தொட்டியருகே நின்று காதைக் கொடுத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கும். எனக்கு அது புதியதாக இருக்கவில்லை. பனங்கள்ளு முட்டியில் கேட்ட இரைச்சல்தான். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பணி; தடவாவிட்டால் கள்ளு. எமது மது பனையின் உச்சியில் பிறந்து பொழுது சாய்வதற்குள் தன் கதையை முடித்துக்கொள்வது. அவர்களுடையது நிலத்தின் கீழே ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது. ஆனாலும் எமக்கு வைன் முற்றிலும் அந்நியமானதும் அல்ல. எமது ஊரிலேயே, தோலகட்டியில் 1928 இல் தொடங்கப்பட்ட செபமாலைத் தாசர் சபைத் துறவிகளின் ஆச்சிரமத்தில் வைனும் நெல்லிரசமும் தயாரித்தார்கள். சிறுவயதில் நெல்லிரசம் வாங்குவதற்காக என்னை அங்கே சைக்கிளில் ஏற்றிச் சென்றவர் இதே அண்ணர்தான்.

நான் சென்று ஐந்தாம் நாள் காலையில் அந்தச் சம்பவம் நடந்தது.

அதற்கு முதல்நாள் இரவு கடுங்குளிர். நொதிப்பு நின்றுவிடுமோ என்று பயந்த அண்ணர், வீதிப் பக்கமாக உள்ள கெல்லரின் ஒரேயொரு சாளரத்தைப் பலகையால் மூடி, இடுக்குகளில் பழைய துணிகளையும் அடைந்துவிட்டார். காலை ஆறு மணியளவில் கூழை அமுக்குவதற்காக இறங்கினார். நான் தேநீர்க் கோப்பையுடன் சிறிது நேரம் கழித்துப் பின்னால் போனேன். மொத்தம் பதினான்கு படிகள். ஆறாவது படியில் கால் வைத்தபோது மூக்கினுள் ஊசியால் குத்துவதைப்போல இருந்தது. ஓடாமலே இளைத்தது. நெஞ்சு படபடத்தது. கீழே மின்குமிழ் வழமைபோல எரிந்துகொண்டிருந்தது. அண்ணர் இரண்டு கைகளாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து நின்றார்.

"அண்ணை" என்றேன். பதில் இல்லை.

எனது கால் ஏழாவது படிக்கு இறங்கிவிட்டது. அந்தக் கணத்தில் என்னைத் தடுத்தது அறிவு என்று சொல்லமாட்டேன். எனது ஐயாவின் அரிக்கன் லாம்பு என்னைத் தடுத்தது.

ஆவணி, புரட்டாதி மாதங்களில் தண்ணீர் வற்றிய பின்னர் எமது வீட்டுக் கிணறு இறைத்துச் சேறு அள்ளுவார்கள். ஐயா முதலில் லாம்பைக் கொளுத்திக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார். அடிமட்டும் போய்ச் சுடர் அணையாமல் மேலே வந்தால்தான் ஆள் இறங்கலாம். சுடர் சுருங்கினால் வேப்பங்குழை ஒன்றைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக இழுத்துக் காற்றைக் கலக்குவார். எவ்வளவு அவசரம் என்றாலும் இதை அவர் தவிர்த்ததில்லை. கெல்லரில் எரிந்துகொண்டிருந்த மின்குமிழுக்குக் காற்றின் சேதி தெரியாது.

நான் படியேறி நின்றுகொண்டு என் வாழ்நாளில் கத்தாத அளவுக்குக் கத்தினேன். "அண்ணை, மேலை வாங்கோ! எல்லாத்தையும் விட்டிட்டு உடனை மேலை வாங்கோ!" அவர் மெதுவாகத் திரும்பினார். "ஒண்டுமில்லை" என்று குழறியபடி சொன்னார். பின்னர் தொட்டியை விட்டுப் படியை நோக்கி வந்தார். நான்காவது படியில் முழங்கால் மடிந்து கைகளை ஊன்றினார்.

சத்தம் கேட்டு அண்ணி ஓடிவந்தார். நிலைமையைக் கண்டதும் கீழே இறங்கப் பாய்ந்தார். நான் வாசலை மறித்து அவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, இறங்காதேங்கோ. வெளியாலை போய் அந்தச் சாளரப் பலகையை உடையுங்கோ" என்றேன். கணவன் கண் முன்னால் தவழ்ந்துகொண்டிருக்க ஒரு பெண்ணை அவரிடம் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது எத்தகைய செயல் என்பதை நான் அன்று அறிந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. பிறகு உதறிக்கொண்டு வெளியே ஓடினார். பலகை உடையும் ஓசை கேட்டது.

அண்ணர் தானாகவே மேலே வந்து சேர்ந்தார். முற்றத்தில் வாந்தி எடுத்தார். அண்ணி 112 ஐ அழைத்தார். வந்தவர்கள் பிராணவாயு கொடுத்துப் பரிசோதித்தார்கள். மத்தியானத்துக்குள் தலையிடியும் போய்விட்டது.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு முதியவர் வந்தார். அவர் கோபத்தில் இருந்தார். அண்ணரின் மொழிபெயர்ப்பில் அவர் சொன்ன கணக்கு இதுதான். ஒரு லீற்றர் திராட்சைச் சாறு நொதித்து முடிவதற்குள் ஏறத்தாழ 40 முதல் 50 லீற்றர் வரையான கரியமிலவாயுவை வெளியிடும். 400 லீற்றருக்கு 16,000 லீற்றருக்குக் குறையாது. அந்தக் கெல்லரின் கொள்ளளவோ 50,000 லீற்றர் அளவில்தான். அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. மேலே எழாது. தண்ணீரைப்போலத் தரையில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பங்கு சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே மனிதன் நினைவிழப்பான்.

முன்னைய காலத்தில் அங்கேயும் மெழுகுதிரி கொளுத்திக் கையில் தாழப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்களாம். ஐயாவின் லாம்பை நினைத்து நான் பெருமைப்பட்ட அதே கணத்தில் முதியவர் மற்றொன்றையும் சொன்னார். மெழுகுதிரியை நம்பக்கூடாது. சுடர் அணைவதற்கு முன்னரே ஆள் விழுந்துவிடலாம். தரையோடு ஒட்டியபடி காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி வேண்டும், கரியமிலவாயுவை அளக்கும் கருவி வேண்டும், மேலே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். அப்படி நிற்பவர் எது நடந்தாலும் கீழே இறங்கக்கூடாது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் அண்ணர் அல்ல.

தொண்ணூறுகளின் முற்பகுதியில், பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்த கையோடு யாழ்ப்பாணத்தில் பத்திரிகை ஒன்றில் சேர்ந்திருந்தேன். பொருளாதாரத் தடை காரணமாகப் பத்திரிகைத் தாளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய காலம். ஒருநாள் வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் கிணறு இறைக்கும்போது மூவர் இறந்துபோனதாகத் தகவல் கிடைத்துச் சென்றேன். தண்ணீர் மட்டம் கீழே போனதால் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி இயக்கியிருந்தார்கள். அதை நிறுத்துவதற்கு இறங்கியவர் மேலே வரவில்லை. அவரைத் தூக்குவதற்கு அவருடைய தம்பி இறங்கினார். இருவரையும் தூக்குவதற்கு அயலவர் இறங்கினார். "லாம்பு விட்டுப் பாத்தனாங்கள், எரிஞ்சதுதானே" என்று அங்கே நின்ற முதியவர் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதினேன். செய்தியில் எழுதவில்லை. மறுநாள் வெளிவந்தவை நான்கு வரிகள். தலைப்பு: "கிணற்றில் விஷவாயு, மூவர் பலி".

விஷவாயு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டேன். இயந்திரத்தின் புகையில் வருவது காபனோரொட்சைட்டு என்ற வேறு வாயு. லாம்பின் சுடர் அதைக் காட்டாது. ஆள் இறந்துபோகும் அளவுக்கு அது சேர்ந்த பின்னரும் சுடர் எரிந்துகொண்டேயிருக்கும். எமது தகப்பன்மார் கண்ட சோதனை துலாவும் பட்டையும் இருந்த காலத்துக்கு உரியது. இயந்திரம் வந்த பின்னர் அது பாதி உண்மையாகிவிட்டது. அந்த முதியவர் கேட்டுக்கொண்டிருந்ததே செய்தி. லாம்பு எரிந்தும் ஏன் இறந்தார்கள் என்று நான் ஒரு மருத்துவரிடமோ, இரசாயனவியல் விரிவுரையாளரிடமோ கேட்டு எழுதியிருந்தால் அதைப் படித்த ஒரு வீட்டிலாவது இயந்திரத்தைக் கிணற்றுக்கு வெளியே வைத்திருப்பார்கள். தாள் தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் நான் கேட்காமல் விட்டதற்குத் தாள் தட்டுப்பாடு காரணமல்ல. மூன்று பெயர்களும் வயதுகளும் கிடைத்ததும் எனது வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் அண்ணி என்னிடம் கேட்டார். "அவர் தானா ஏறி வராட்டி நீங்கள் என்ன செய்திருப்பியள் தம்பி?" என்னிடம் பதில் இருக்கவில்லை. இறங்கியிருக்கமாட்டேன் என்று சொன்னால் அது கொடுமை. இறங்கியிருப்பேன் என்று சொன்னால் அது பொய்யாகவும் இருக்கலாம், மடமையாகவும் இருக்கலாம். இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

அண்ணர் கெல்லரைக் கைவிடவில்லை. விசிறி பூட்டினார். அளவுக்கருவி வாங்கினார். முதலில் அவர் வாங்கி வந்தது காபனோரொட்சைட்டை அறிவிக்கும் கருவி. அது நொதிக்கும் வைனுக்குப் பயன்படாது என்று முதியவர் திருப்பி அனுப்பினாராம். இரண்டு வாயுக்களையும் ஒன்றென்று நினைத்தவன் நான் மட்டுமல்ல என்று அறிந்ததில் சிறிய ஆறுதல். அந்த ஆண்டின் வைனில் எனக்கென்று சில போத்தல்களைக் கிடத்தி வைத்திருக்கின்றார். வந்து குடிக்க வேண்டும், அனுப்பமாட்டேன் என்பது அவருடைய நிபந்தனை.

2019 இல் வசாவிளானில் எமது வளவுக் கிணற்றைத் துப்புரவு செய்வதற்கு ஆட்களைப் பிடித்தேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் சேறும் இடிபாடுகளும் அதற்குள் கிடந்தன. வந்த பிள்ளைகள் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கயிற்றில் கட்டி இறக்க ஆயத்தமானபோது நான் தடுத்தேன். இயந்திரத்தைக் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக, புகை கிணற்றுக்குப் போகாதவாறு வைக்கச் சொன்னேன். நீளமான குழாய் வாங்கிக் கொடுத்தேன். இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டச் செய்தேன். மேலே நிற்பவர்களிடம், கீழே ஆள் விழுந்தால் கயிற்றை இழுக்க வேண்டுமே தவிர ஒருவரும் இறங்கக்கூடாது என்று மூன்று தடவைகள் சொன்னேன். "ஐயா சரியான பயந்தவர் போல" என்று அவர்களில் ஒருவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஐயாவின் நினைவுக்காக ஒரு லாம்பையும் கொளுத்தி இறக்கிப் பார்த்தேன். சுடர் அணையாமல் வந்தது. அது எல்லாவற்றையும் சொல்லாது என்பதையும் அவர்களுக்குச் சொன்னேன்.

நான்கு வரிகளில் நான் முடித்துவிட்ட அந்தச் செய்தியின் ஐந்தாவது வரி இது: நிலத்துக்குக் கீழே இயந்திரத்தை இயக்காதீர்கள்; லாம்பு எரிகின்றது என்பதற்காக இறங்காதீர்கள்; விழுந்தவரைத் தூக்குவதற்குத் தனியே இறங்காதீர்கள். மிகவும் பிந்தி எழுதுகின்றேன்.